ஓடும் வீட்டுக்கு உயிர் கொடுப்பவர்கள்: பழைய வண்டிகளிடமிருந்து வியாபாரிக்குச் சில பாடங்கள்

பொருளை விற்று, பணம் மேசை லாச்சிக்குள் விழுந்ததும் வியாபாரம் முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முதலாவது வியாபாரம் மாத்திரமே. அந்தப் பொருள் பழுதடையும் நாளில் இரண்டாவது வியாபாரம் ஆரம்பமாகிறது. அதைச் செய்த கம்பனி கைவிட்ட பிறகு மூன்றாவது வியாபாரம் ஒன்றும் ஆரம்பமாகிறது. இந்த மூன்றாவது வியாபாரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். உதாரணத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது நமது வீதிகளில் அரிதாகக் காணப்படும் ஒரு வாகனம்: அமெரிக்காவின் 'மோட்டார் ஹோம்', அதாவது ஓடும் வீடு.

லொறி அல்லது வேனின் செசிக்கு மேல் ஒரு சிறிய வீட்டைக் கட்டினால் அது மோட்டார் ஹோம். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தாங்கி, கழிவறை எல்லாம் இருக்கும். 1966இல் அயோவா மாநிலத்தின் பொரெஸ்ட் சிட்டி என்ற சிறிய ஊரில் வின்னபாகோ கம்பனி இவற்றைத் தொழிற்சாலை முறையில் செய்யத் தொடங்கியது. அதன் பிறகே இந்த வண்டிகளின் விலை சாதாரண குடும்பங்களின் கைக்கு எட்டியது. 1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன. அவற்றை ஓட வைப்பவர்கள் பெரும்பாலும் கம்பனிகள் அல்ல, சொந்தக்காரர்கள்தான். ஓய்வுபெற்றவர்கள், தச்சர்கள், மெக்கானிக்குகள், குறைந்த வருமானத்தில் வாழும் இளம் குடும்பங்கள் எனப் பலதரப்பட்டோர் தம் வீட்டு முற்றத்திலேயே இவற்றைத் திருத்துகிறார்கள். சிலருக்கு அது பொழுதுபோக்கு. வேறு சிலருக்கோ அதுவே தலைக்கு மேல் இருக்கும் ஒரே கூரை.

ஆகவே இது விளையாட்டுக் காரியமல்ல. தவறான வண்டியை வாங்கியவர் சேமிப்பை இழக்கிறார். தவறாகத் திருத்தியவர் உயிரையே இழக்கக்கூடும். அவர்கள் கற்றுக்கொண்டவற்றில் நமக்கும் பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது பாடம்: எதிரி தண்ணீர்

பழைய மோட்டார் ஹோமைக் கொல்வது எது என்று கேட்டால் நம்மவர்கள் எஞ்சின் என்பார்கள். தவறு. எஞ்சினைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இருப்பது சாதாரண செவர்லே, போர்ட், டொட்ஜ் லொறி எஞ்சின். அதற்குச் சாமான் கிடைப்பது கஷ்டமல்ல. வண்டியைக் கொல்வது மழைத் தண்ணீர்.

பெரும்பாலான பழைய வண்டிகளின் சுவர், மெல்லிய மரச்சட்டத்தின் வெளிப்புறத்தில் அலுமினியம் அல்லது பைபர் தகடும் உட்புறத்தில் மெல்லிய பலகையும் வைத்துச் செய்யப்பட்டது. கூரையிலோ காற்றுத் துவாரம், குளிரூட்டி, குழாய்கள், விளக்குகள் எனப் பல ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் பூசப்பட்ட பசை வெயிலில் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு நூல் அளவுதான். அதற்குள் புகுந்த தண்ணீர் வெளியே வராது. சுவருக்குள் இறங்கி, மரத்தை வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அழுகச் செய்யும். வெளியில் பெயின்ட் பளபளக்கும், உள்ளே மரம் நனைந்த பாண் போலிருக்கும்.

அனுபவம் உள்ளவர் வண்டி பார்க்கப் போனால் எஞ்சின் மூடியைத் திறக்கும் முன் உள்ளே ஏறி அலுமாரிகளைத் திறந்து மூக்கை வைப்பார். பூஞ்சண வாடை வந்தால் அதுவே முதல் சாட்சி. அடுத்து யன்னல்களின் கீழ் மூலைகளையும் கட்டிலுக்கு மேலுள்ள முன்மூலையையும் விரலால் அழுத்திப் பார்ப்பார். நிலத்தில் குதிகாலை ஊன்றி நடந்து, எங்கே நெகிழ்கிறது என்று கவனிப்பார். வெளியே சுவரைப் பக்கவாட்டில் இருந்து பார்ப்பார். தகடு வீங்கியிருந்தால் உள்ளே ஒட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் புதிய சுவர்த்தாள் ஒட்டியிருந்தால் உடனே சந்தேகப்படுவார். புதிதாக இருப்பது ஏன், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வியை அவர் கேட்காமல் விடமாட்டார்.

திருத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒழுகும் இடத்துக்கு வெளியிலிருந்து சிலிக்கன் பூசுவது பலர் செய்யும் வேலை. அது சில மாதம் தாங்கும், பிறகு விளிம்பில் பிரியும். சிலிக்கன் பூசிய இடத்தில் வேறெந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. எனவே அடுத்த முறை திருத்துபவருக்கு வேலை இரட்டிப்பாகும். முறையாகச் செய்பவர் யன்னலையும் விளிம்புப் பட்டியையும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, அழுகிய மரத்தை நல்ல மரம் வரும் வரை வெட்டியகற்றி, புதிய மரம் வைத்து, பியூட்டைல் பட்டி வைத்து மீண்டும் பூட்டுவார். கூரைக்கென்று தானாகப் பரவி மட்டமாகும் தனிப் பசை இருக்கிறது. இவ்வளவும் செய்த பிறகும் வருடத்தில் இரண்டு முறை கூரையில் ஏறிப் பார்ப்பார்.

நமது வியாபாரங்களிலும் இப்படியான ஒழுக்கு இருக்கிறது. கடன் கொப்பியில் வசூலாகாத சிறு தொகைகள், களஞ்சியத்தில் காலாவதியாகும் சரக்கு, கணக்கில் வராத கழிவு. ஒவ்வொன்றும் நூல் அளவு வெடிப்புதான். கடைக்கு முன்னால் புதிய பெயர்ப்பலகை மாட்டுவதால் அவை அடைபடுவதில்லை.

இரண்டாவது பாடம்: பாரத்தைத் தாங்குவது எது?

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை நமக்கு நன்கு தெரியும். 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் முற்பகுதி வரை அமெரிக்காவில் அந்தச் சிறிய பிக்கப் வகைச் செசியின் மேல் குட்டி மோட்டார் ஹோம்கள் கட்டப்பட்டன. டொல்பின், சன்ரேடர் போன்ற பெயர்களில் விற்ற இவற்றில் டொயோட்டாவின் 20ஆர், 22ஆர் எஞ்சின்கள் இருந்தன. செசியை அனுப்பியது டொயோட்டா, மேல்வீட்டைக் கட்டியது அமெரிக்கக் கம்பனிகள். அந்த எஞ்சின்களின் உறுதியைப் பற்றி நமது மெக்கானிக்குகளுக்குச் சொல்லத் தேவையில்லை. எரிபொருள் செலவு குறைவு, சிறிய பாதையிலும் போகும், காருக்கு உள்ள இடத்தில் நிறுத்தலாம். இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் அதில் ஓர் ஆபத்து இருந்தது. பிக்கப்பின் பின் எக்ஸல் சிறிய பாரத்துக்கென்று செய்யப்பட்டது. அதன் மேல் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் ஏறின. பார்வைக்குப் பலமாகத் தெரியட்டும் என்று பின்பக்கம் இரட்டை டயர் பூட்டினார்கள். டயர் இரண்டானதே தவிர உள்ளே இருந்தது அதே மெல்லிய எக்ஸல்தான். வெளிப்பக்க டயர் இன்னும் வெளியே தள்ளி நின்றதால் பேரிங்கிலும் எக்ஸலிலும் வளைக்கும் பாரம் கூடியது.

இந்த வகை எக்ஸலில் சக்கரத்தைச் சுழற்றுவதும் பாரத்தைத் தாங்குவதும் ஒரே கம்பிதான். அது முறிந்தால் சக்கரமே கழன்று போகும். ஓடும்போது நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரச்சினை வெளிப்பட்ட பிறகு, 1980களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த வண்டிகளில் ஒரு தொன் லொறிக்குரிய பலமான எக்ஸல் வந்தது. பழைய வண்டிகள் பலவற்றுக்கும் அது மாற்றிக் கொடுக்கப்பட்டது. பலமான வகையில் பாரத்தைத் தாங்குவது எக்ஸலின் வெளிக்குழாயும் அதன் மேல் உள்ள பேரிங்குகளும்தான். உள்ளே உள்ள கம்பிக்குச் சுழற்றும் வேலை மட்டுமே.

வாங்கப் போகும் ஒருவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இரட்டை டயர் பூட்டிய பின் சக்கரத்தின் நட்டுகளை எண்ணிப் பார்ப்பார். ஐந்து நட் இருந்தால் பழைய மெல்லிய எக்ஸல், ஆறு இருந்து நடுவில் ஹப் வெளியே துருத்தி நின்றால் பலமானது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் திரைச்சீலையின் நிறத்தையும் மெத்தையின் மென்மையையும் பார்த்துக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இரட்டை டயரைக் காட்டி பாரம் தாங்கும் என்று நம்ப வைப்பதும் ஒன்றுதான், இரண்டு கிளைகளைக் காட்டி வியாபாரம் பெரிது என்று நம்ப வைப்பதும் ஒன்றுதான். உள்ளே முதல் என்ற எக்ஸல் அதே பழைய அளவில் இருந்தால், கிளை கூடக்கூட முறியும் நாள்தான் நெருங்கும். மற்றவரோடு கூட்டு வியாபாரத்தில் சேரும்போதும் இதைப் பாருங்கள். கடையின் அலங்காரத்தைப் பார்க்காதீர்கள். பாரம் யார் தோளில், எந்தக் கடனில் நிற்கிறது என்று பாருங்கள். நட்டுகளை எண்ணுங்கள்.

மூன்றாவது பாடம்: கம்பனி போனாலும் வண்டி ஓடும்

1973 முதல் 1978 வரையான மொடல்களாக ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி தானே ஒரு மோட்டார் ஹோமை முழுமையாகச் செய்து விற்றது. ஜீ.எம்.சி. என்ற பெயரில் மிச்சிகன் மாநிலத்தின் பொன்டியாக் நகரில் செய்யப்பட்ட அது 23 அடி, 26 அடி என இரண்டு நீளங்களில் வந்தது. லொறிச் செசியின் மேல் பெட்டியை வைக்கும் வழக்கத்தை விட்டு, ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ காரின் பெரிய வீ8 எஞ்சினையும் முன்சக்கர இழுவையையும் வைத்தார்கள். பின்னால் ஓடும் சுழல்தண்டு இல்லாததால் வண்டியின் தளம் தாழ்வாக இருந்தது. பின்பக்கம் ஒவ்வொரு புறமும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள், நடுவில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. பாடி அலுமினியமும் பைபர் கிளாசும். அதனால் பாடி துருப்பிடிக்கவில்லை.

மொத்தம் செய்யப்பட்டவை 13,000க்குச் சற்றுக் குறைவு. 1978இல் உற்பத்தி நின்றது. கணக்குப்படி பார்த்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த வண்டி மறைந்திருக்க வேண்டும். ஆனால் பல ஆயிரம் வண்டிகள் இன்றும் இருக்கின்றன. காரணம் என்ன?

முதற் காரணம், சொந்தக்காரர்கள் ஒன்று சேர்ந்தார்கள். சங்கம் அமைத்து வருடந்தோறும் கூடினார்கள். ஒருவர் கண்டுபிடித்த வழியை மற்றவருக்கு மறைக்கவில்லை. எந்தப் பகுதி வேறெந்தக் காரில் அல்லது லொறியில் இருந்து வந்தது, இன்று அதற்குப் பொருந்தும் இலக்கம் என்ன என்று பட்டியல் தயாரித்தார்கள். மோட்டார் ஹோமுக்கென்று தனியாகச் செய்த பகுதிகள் குறைவு. மற்றதெல்லாம் வேறொரு வாகனத்தின் பிள்ளை. அந்தத் தாய் வாகனம் எது என்று தெரிந்தவனுக்குச் சாமான் பத்து டொலர், தெரியாதவனுக்கு நூறு டொலர். பஞ்சிகாவத்தையில் நின்றிருக்கும் எவருக்கும் இது புதிய விடயமல்ல.

இரண்டாவது காரணம், சிறு வியாபாரிகள். 1990களில் ஒரு சிறிய பொறியியல் நிறுவனம் ஜெனரல் மோட்டர்ஸிடமிருந்து இந்த வண்டிக்கான உதிரிப்பாகங்களின் உரிமையைப் பெற்றது. அதற்குப் பக்கத்தில் வீட்டுக் கராஜிலிருந்து விற்பவர்களும் உருவானார்கள். ஒருவர் காற்றுப் பைக்கு மாற்று வடிவம் செய்தார், இன்னொருவர் பின்சக்கர ட்ரம் பிரேக்குக்குப் பதிலாக டிஸ்க் பிரேக் தொகுதி செய்தார், வேறொருவர் முன்பக்கத்துக்குப் பலமான லொறி ஹப் பூட்டும் முறையைக் கொடுத்தார். பெரிய கம்பனிக்குச் சில ஆயிரம் வாடிக்கையாளர் என்பது தூசு. ஒரு தனி மனிதனுக்கு அது வாழ்நாள் வியாபாரம். விளம்பரச் செலவு இல்லை, போட்டி குறைவு, வாடிக்கையாளர் யாரென்று பெயர் சொல்லித் தெரியும்.

ஆனால் இந்தச் சிறு சந்தையில் ஒரு பொறியும் உண்டு. ஒரு பொருளைச் செய்து தரும் தொழிற்சாலை நூறு எண்ணத்துக்குக் குறைந்து எடுக்காது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு விற்பதோ பதினைந்து. அப்படியானால் கடைசிப் பொருள் விற்க ஆறு வருடத்துக்கு மேலாகும், உங்கள் பணம் அதுவரை இறாக்கையில் தூங்கும். இதற்கு அவர்கள் கண்ட வழி, முதலில் விலை சொல்லி, வேண்டியவர்களிடம் முன்பணம் வாங்கி, போதிய எண்ணம் சேர்ந்த பிறகே ஓடர் கொடுப்பது. பணம் கொடுப்பவன் காத்திருப்பான், ஏனென்றால் அவனுக்கு வேறு வழியில்லை. அந்த நம்பிக்கையை ஒருமுறை முறித்தவனிடம் மறுமுறை யாரும் முன்பணம் கொடுக்கமாட்டார்கள். சின்னச் சந்தையில் செய்தி ஒரே நாளில் பரவும்.

இன்னொரு நிகழ்வு. இந்த வண்டிகளுக்கு 16.5 அங்குல டயர். காலப்போக்கில் அந்த அளவு டயர் செய்வதைக் கம்பனிகள் குறைத்தன. சிலர் டயர்களை வாங்கிப் பதுக்கினார்கள். டயர் ஓடாவிட்டாலும் வயதாகும். இறப்பர் உள்ளுக்குள் காய்ந்து, பூ தேயாமலே வெடிக்கும். 2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் அதன் பிறப்புச் சாட்சி: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பதுக்கியவர்களின் கையில் கடைசியில் எஞ்சியது குப்பை. புத்திசாலிகள் வேறொன்று செய்தார்கள். 16 அங்குல றிம்மைப் பூட்டி, எங்கும் கிடைக்கும் லொறி டயருக்கு மாறினார்கள். அந்த நேரத்தில் டயரைச் சேர்த்த வியாபாரி நட்டப்பட்டான், றிம்மைச் சேர்த்த வியாபாரி பிழைத்தான். பற்றாக்குறை வரும்போது எந்தப் பொருள் இறாக்கையில் சாகும், எது சாகாது என்று யோசித்த பின்னரே பணத்தைப் போட வேண்டும்.

நான்காவது பாடம்: வேலையின் ஒழுங்கு

பழைய வண்டியை வாங்கியவர்கள் செய்யும் பொதுத்தவறு, கண்ணுக்குத் தெரிவதில் தொடங்குவது. மெத்தை, திரைச்சீலை, பெயின்ட். மாதக்கணக்கில் உழைத்து உள்ளே மாளிகை போல் செய்வார்கள். முதற் பயணத்தில் மழை பெய்யும், கூரை ஒழுகும், புதிய மெத்தை நனையும். அல்லது பிரேக் பிடிக்காது.

அனுபவசாலிகளின் ஒழுங்கு வேறு.

முதலில் தண்ணீர் உள்ளே வருவதை நிறுத்து.

இரண்டாவதாக உயிருக்கு ஆபத்தானவற்றைப் பார். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், வருடக்கணக்கில் மாற்றாவிட்டால் உள்ளே துரு பிடிக்கும். பழைய பிரேக் ஹோஸ் உட்புறமாக வீங்கி, மிதித்த பிரேக் விடுபடாமல் சூடேறும். பெற்றோல் ஹோஸ்களும் அப்படித்தான். எதனோல் கலந்த இன்றைய பெற்றோலுக்கு அந்தக் காலத்து இறப்பர் தாங்காது. அது கசிந்து சூடான எஞ்சினில் சொட்டினால் வீடும் வண்டியும் சேர்ந்து எரியும். சமையல் கேஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தளத்தில் தேங்கி நிற்கும். ஆகவே அதை அறிவிக்கும் கருவியைத் தளத்துக்கு அருகில் பூட்ட வேண்டும். ஜெனரேட்டரின் புகைக்கு நிறமும் வாடையும் இல்லாத ஒரு விஷவாயு இருப்பதால் அதற்கும் தனிக் கருவி வேண்டும்.

மூன்றாவதாக எஞ்சின், கியர், குளிரூட்டும் தண்ணீர்ப் பாதை. நான்காவதாக மின்சாரம். இங்கே பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் பாகங்கள் அல்ல, துருப்பிடித்த ஏர்த் இணைப்புகளும் இடையில் யாரோ முறுக்கி ஒட்டிய வயர்களும்தான். புதிய பம்ப் வாங்கும் முன் ஏர்த்தைச் சுரண்டிப் பார்த்தவனுக்குப் பணம் மிச்சம்.

கடைசியாகத்தான் மெத்தையும் திரைச்சீலையும்.

புதிதாகக் கடை போடும் நமது பிள்ளைகளிடம் இந்த ஒழுங்கைச் சொல்லுங்கள். கண்ணாடி அலுமாரியும் குளிரூட்டியும் முதலில் வந்து, ஒழுங்கான கணக்கும் சரக்கு வழங்குபவரோடு உடன்பாடும் கடைசியில் வந்த கடைகள் எத்தனை மூடப்பட்டன என்பது நமக்குத் தெரியும்.

ஐந்தாவது பாடம்: ஒரே கணக்கு, இரண்டு மனிதர்

கணக்குக்காக ஓர் உதாரணம் வைப்போம். ஒருவர் 6,000 டொலருக்குப் பழைய வண்டி வாங்குகிறார். டயர்களுக்கு 1,200. பிரேக், ஹோஸ் வேலைக்கு 1,500. கூரையும் மரவேலையும் 2,000. கேஸ், குளிர்சாதனப் பெட்டி, மின்சாரம் 2,000. மொத்தம் 12,700 டொலர். நன்றாகத் திருத்திய பின் சந்தை விலை 10,000 என்போம். அவர் வியாபாரி என்றால் நட்டம் 2,700 டொலர். அவர் உழைத்த நூற்றுக்கணக்கான மணித்தியாலங்களுக்குக் கூலி பூச்சியம்.

இதே வண்டியை இன்னொருவர் இதே செலவில் திருத்தி, பத்து வருடம் தன் குடும்பத்துக்குப் பயன்படுத்துகிறார் என்று வைப்போம். முழுத் தொகையையும் செலவாகவே எழுதினாலும் வருடத்துக்கு 1,270 டொலர்தான். கடைசியில் ஏதோ ஒரு விலைக்கு விற்றால் அதிலும் குறையும். அவருக்கு இது நட்டமல்ல.

வண்டியும் செலவும் ஒன்றுதான், நோக்கம்தான் வேறு. ஆகவே வாங்கும் முன் நான் பாவிப்பவனா, விற்பவனா என்று தீர்மானிக்க வேண்டும். பாவிப்பவனின் மனதோடு வாங்கி விற்பவனின் இலாபத்தை எதிர்பார்ப்பவன்தான் கடனாளியாகிறான். விற்பதற்கு வாங்குபவன் பின்னாலிருந்து கணக்குப் போடுவான். 10,000க்கு விற்கலாம், திருத்தச் செலவு 6,700, எனக்குக் கூலியும் இலாபமுமாக 1,500 வேண்டும், எனவே 1,800க்கு மேல் கொடுக்கமாட்டேன் என்பான். அந்த விலைக்குக் கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். திரும்பி வருவதும் வியாபாரம்தான்.

சந்தையின் ஏற்ற இறக்கத்தையும் மறக்கக்கூடாது. கொவிட் காலத்தில் ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் பயந்த அமெரிக்கர்கள் இந்த வண்டிகளைத் தேடி ஓடினார்கள். மோட்டார் ஹோம்களும் இழுத்துச் செல்லும் கரவன்களும் சேர்ந்து 2021இல் தொழிற்சாலைகளிலிருந்து சுமார் 6 இலட்சம் வெளியேறின. இது அதுவரை இல்லாத அளவு. 2023இல் அது ஏறக்குறையப் பாதியாகி, சுமார் 3 இலட்சத்து 13 ஆயிரமானது. புதியவை குவிந்து கிடக்கும்போது பழையதின் விலையும் இறங்கும். உச்ச விலையில் வாங்கி, நிதானமாகத் திருத்தி, இறங்கிய சந்தையில் விற்க வந்தவனின் நிலையை நினைத்துப் பாருங்கள். திருத்தும் வேலைக்கு இரண்டு வருடம் எடுக்கும் என்றால், இன்றைய விலையை வைத்து அல்ல, இரண்டு வருடத்தின் பின் வரக்கூடிய தாழ்ந்த விலையை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

குறையைச் சொல்லி விற்பவன்

நல்ல சொந்தக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கொப்பி வைத்திருப்பார்கள். எந்தத் திகதியில் எந்தப் பாகம் மாற்றியது, எவ்வளவு மைல் ஓடியது, எந்த மூலையில் ஒழுகியது, எப்படி அடைத்தது எல்லாம் அதில் இருக்கும். சுவரைத் திறந்தபோது எடுத்த படங்களும் இருக்கும். விற்கும் நாளில் அந்தக் கொப்பியையும் கொடுப்பார்கள். இப்போதும் இருக்கும் குறைகளைத் தனிப் பட்டியலாக எழுதிக் கொடுப்போரும் உண்டு.

முட்டாள்தனம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பழைய பொருள் வாங்குபவன் எப்போதும் ஏதோ குறை இருக்கிறது என்று தெரிந்துதான் வருகிறான். என்ன குறை என்று தெரியாததால் அவன் மனதில் மிகப் பெரிய குறையைக் கற்பனை செய்து விலையைக் குறைப்பான். குறையை எழுதிக் காட்டினால் அவனுடைய அச்சம் அந்தப் பட்டியலோடு நின்றுவிடும். குறையை மறைத்து விற்பது நமக்குத் தடுக்கப்பட்ட காரியம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அது வியாபாரத்துக்கும் பாதகம் என்பதே இங்கு சொல்ல வருவது. அழுகிய மரத்தின் மேல் சுவர்த்தாள் ஒட்டி விற்ற வண்டியில் ஒரு குடும்பம் ஏறிப் போகிறது என்பதையும் விற்பவன் மறந்துவிடக்கூடாது.

நமக்கு இதில் என்ன?

2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட வாகனங்களுக்கு வாசல் மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்கள்தான் நம்மைச் சுமந்தன. அவற்றைச் சுமந்தவர்கள் டிங்கர் பாஸ்மாரும் மெக்கானிக்குகளும் ஸ்பெயார் பார்ட்ஸ் வியாபாரிகளும்தான். திருத்துவது ஏழைகளின் வழி என்று இளக்காரமாகப் பேசியவர்களும் அப்போது கராஜ் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

கைவிடப்பட்ட வாகனத்துக்குச் சாமான் செய்வதில் நமது நாட்டுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பிரித்தானியாவில் மொரிஸ் மைனர் கார் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் முடிந்துபோனது. அந்தக் கார்களைத் திருத்தும் பாத் நகர நிறுவனம் ஒன்று, 1990களில் இலங்கைத் தொழிலதிபர் ஒருவரோடு சேர்ந்து அதற்கான பாடிப் பாகங்களை இங்கேயே செய்வித்து அங்கே கொண்டுசென்றது. நமது பாஸ்மாரின் கைவேலை இங்கிலாந்துக் கார்களில் பூட்டப்பட்டது. கம்பனி கைவிட்ட இடத்தில் சிறு வியாபாரி நுழைய முடியும் என்பதற்கு வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆதாரம் அது.

உல்லாசப் பயணிகளுக்காகப் பழைய வேனையோ சிறிய பஸ்ஸையோ ஓடும் வீடாக மாற்ற எண்ணும் இளைஞர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை அதைரியப்படுத்த வேண்டாம். ஆனால் பணத்தைக் கொட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். வாகனத்தின் வகையை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் காப்புறுதிக் கம்பனியும் என்ன சொல்கின்றன? எல்லாம் ஏற்றி, தண்ணீரும் நிரப்பி, ஆட்களும் ஏறிய பின் நிறை எவ்வளவு, அதை எக்ஸல் தாங்குமா? நமது மழைக்குக் கூரை தாங்குமா? மூன்று வருடத்தின் பின் இதற்குச் சாமான் எங்கிருந்து வரும்? நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லாவிட்டால் மெத்தைக்குத் துணி பார்க்கப் போகவேண்டாம்.

நமது மற்ற வியாபாரங்களுக்கும் இது பொருந்தும். உங்கள் கடையில் பத்து வருடத்துக்கு முன் விற்ற பொருள்களில் எவை இன்னும் பாவனையில் இருக்கின்றன, அவற்றுக்கு இப்போது யார் சாமான் கொடுக்கிறார்கள், யார் திருத்துகிறார்கள் என்று இந்த வாரம் ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள். தையல் இயந்திரம், தண்ணீர் பம்ப், அரிசி ஆலைப் பெல்ட், தராசு, எதுவாகவும் இருக்கலாம். பதில் எழுத முடியாத வரி ஒவ்வொன்றும் ஒரு வாடிக்கையாளர் அலைந்துகொண்டிருக்கும் இடம். அந்த இடத்தில் கடை போடுவதற்குப் பெரிய முதல் தேவையில்லை. இலக்கங்களைத் தேடும் பொறுமையும், சொன்ன நாளில் சொன்ன பொருளைக் கொடுக்கும் ஒழுக்கமும் போதும்.